ஆறாத புண்ணுக்குள் நடப்பது என்ன?

வடசென்னையின் காசிமேட்டில் மீன் கூடையோடு ஈரத்தரையில் நடப்பவர்களுக்கும், எண்ணூர், திருவொற்றியூர் பட்டறைகளில் இரும்போடு புழங்குபவர்களுக்கும் காலில் கீறல் படுவது அன்றாடம். பெரும்பாலோருக்குச் சில நாட்களில் ஆறிவிடும் அந்தக் கீறல், சர்க்கரை நோய் உள்ளவருக்கு மாதக்கணக்கில் இழுத்தடிக்கலாம். சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் கிருமி பெருகுவதுதான் காரணம் என்று பலரும் நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான்.

காயம் பட்ட சில மணி நேரத்திலேயே நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளை விழுங்கத் தொடங்கும். அடுத்து வருபவை மேக்ரோஃபேஜ்கள். இவை முதலில் அழற்சியைத் தூண்டிக் கிருமியையும் செத்த திசுவையும் அகற்றும். பிறகு குணம் மாறி, அழற்சியைத் தணித்து, புதிய ரத்தக் குழாய்களும் தோலும் வளர உதவும். புண் ஆறுவதும் ஆறாததும் பெருமளவு இந்த மாற்றத்தைப் பொறுத்தது.

சர்க்கரை நோயில் அந்த மாற்றம் தடைபடுகிறது. மேக்ரோஃபேஜ்கள் முதல் வேலையிலேயே நின்றுவிட, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருட்கள் சுரந்துகொண்டே இருக்கும். திசுவைக் கரைக்கும் நொதிகள் மிகுந்து, புதிதாக உருவாகும் கொலாஜனையும் அரித்துவிடும். இடிந்த சுவரை அகற்ற வந்த ஆள், கொத்தனார் எழுப்பும் புதுச்சுவரையும் சேர்த்து இடிப்பதைப் போன்றது இது. நியூட்ரோஃபில்களிடமும் கோளாறு உண்டு. கிருமியைக் கொல்லும் திறன் குறையும். ஆனால் அவை தம் டிஎன்ஏவை வலைபோல் வெளியே வீசுவது கூடிவிடும். அந்த வலைகள் புண் ஆறுவதைத் தாமதப்படுத்துவதை 2015இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு எலிகளில் காட்டியது.

அதனால்தான் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்கினால் மட்டும் போதாது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், செத்த திசுவை அகற்ற வேண்டும், புண்ணின்மேல் உடல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், காலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று சோதிக்க வேண்டும். தினக்கூலிக்காரரால் நடக்காமல் இருக்க முடியுமா என்ற கேள்வியையும் மருத்துவம் எதிர்கொண்டே ஆகவேண்டும்.

வடசென்னை வட்டாரத்துக்குச் சர்க்கரை நோயோடு நெடுநாள் தொடர்பு உண்டு. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையையும் நிறுவினார். நாட்டில் இந்நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி பேர் என்கிறது 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு.

சர்க்கரை நோயால் நரம்பு மரத்துப்போன காலில் புண் வலிக்காது. வலிக்கவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். இரவில் படுக்கும் முன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். புண் கண்டால் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள்.