அட்டையைப் பார்த்தே ஒதுக்கப்பட்ட 40 நிமிடம்

ஒரு பாட்டு பிடிச்சிருக்கா இல்லையான்னு முடிவு பண்ண எவ்வளவு நேரம் எடுத்துக்குவீங்க? பத்து செகண்ட்? சில நேரம் பாட்டே ஆரம்பிக்காது, அட்டைப் படத்தைப் பார்த்தே விரல் அடுத்ததுக்குத் தள்ளிவிடும். இப்படித் தள்ளிவிடப்பட்டே காணாமல் போன ஒரு இத்தாலிய ஆல்பத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் 'ஜரதுஸ்த்ரா'. குழுவின் பெயர் மூஸேயோ ரோசன்பாக். வெளிவந்த ஆண்டு 1973.

கேள்விப்பட்டதே இல்லையா? கவலை வேண்டாம். வெளிவந்த காலத்தில் இத்தாலியிலேயே பலர் கேள்விப்படவில்லை.

முதலில் கொஞ்சம் பின்னணி. 'புரோக்ரஸிவ் ராக்' என்பது மூணு நிமிடப் பாட்டு போதாது என்று நினைத்தவர்களின் இசை. ஒரே பாட்டு இருபது நிமிடம் போகும், நடுவில் தாளம் மாறும், மேற்கத்திய செவ்வியல் இசையின் வாசனை அடிக்கும். பிறந்தது இங்கிலாந்தில். ஆனால் அதைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது இத்தாலி. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற ஆங்கிலேயக் குழுவின் 'பான் ஹார்ட்ஸ்' ஆல்பம் சொந்த நாட்டில் பெரிதாக விலை போகவில்லை. 1972-ல் இத்தாலியில் அது பட்டியலின் உச்சிக்கே போனது. அந்த சூட்டில் இத்தாலிய இளைஞர்களும் தங்கள் மொழியிலேயே இப்படிப் பாட ஆரம்பித்தார்கள். பிஎஃப்எம், பாங்கோ, லே ஓர்மே எல்லாம் அந்த அலையில் வந்த குழுக்கள். மூஸேயோ ரோசன்பாக்கும் அப்படித்தான். பிரெஞ்சு எல்லையை ஒட்டிய லிகூரியா கடற்கரைப் பையன்கள் ஐந்து பேர்.

சரி, ஆல்பத்துக்கு வருவோம்.

இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு. இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம், ஐந்து பகுதிகள். தலைப்புகளைத் தமிழில் சொன்னால்: கடைசி மனிதன், நேற்றைய ராஜா, நன்மை தீமைக்கு அப்பால், அதிமனிதன், மணற்கடிகாரங்களின் கோயில். ஜெர்மானியத் தத்துவவாதி நீட்சே எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பிய கற்பனை இது. மறுபக்கத்தில் மூன்று பாட்டுகள். எல்லாம் சேர்த்துச் சுமார் 40 நிமிடம்.

இத்தாலிய மொழி தெரியாதே என்று தயங்காதீங்க. பாடகர் ஸ்டெஃபானோ கலீஃபியின் குரல் கொஞ்சம் கரகரப்பானது. கெஞ்சும்போதும் கத்தும்போதும் அர்த்தம் பாதி புரிந்துவிடும். மீதியை ஒரு இயந்திரம் சொல்லிவிடும்.

அந்த இயந்திரத்தின் பெயர் மெல்லோட்ரான். நம்ம மெக்கானிக்கல், இசிஇ மக்கள் இதைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். பார்க்க ஒரு ஆர்கன் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் தனியாக ஒரு காந்த டேப். வயலின் கூட்டம் ஒரு சுரத்தை வாசித்ததை முன்கூட்டியே அதில் பதிந்து வைத்திருப்பார்கள். கட்டையை அழுத்தினால் அந்த டேப், ஓடும் உருளையோடு சேர்ந்து ஹெட் மீது நகரும், ஒலி வரும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் டேப்பைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். அன்று பரவலாக இருந்த எம்400 மாடலில் 35 கட்டைகள், 35 டேப்கள். ஒவ்வொன்றும் சுமார் எட்டு செகண்ட்தான் ஓடும். அதுக்கு மேல் அழுத்திப் பிடித்தாலும் ஒலி நின்றுவிடும். டேப் ஓட்டத்தில் சின்னச் சின்ன தடுமாற்றம் இருப்பதால் சுருதியும் லேசாக நடுங்கும்.

இன்றைய கணக்கில் இதெல்லாம் குறைபாடு. ஆனால் அந்த நடுக்கம்தான் இந்த ஆல்பத்தின் உயிர். நிஜ வயலின் கூட்டத்தின் பளபளப்பு இல்லாமல், பழைய ஞாபகம் ஒன்று தூரத்திலிருந்து வருவது போலக் கேட்கும். முதல் பகுதியில் வரும் ஒரு மெட்டை மட்டும் மனசில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கிடாரும் டிரம்ஸும் எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும். கடைசிப் பகுதியில் அதே மெட்டு மெல்லோட்ரானின் முழு பலத்தோடு திரும்பி வரும். பதினைந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டவருக்குத்தான் அந்த இடம் சிலிர்க்கும். அங்கே நேராகத் தள்ளிப் போனால் அது சும்மா ஒரு மெட்டு.

இவ்வளவு நல்ல ஆல்பம் ஏன் காணாமல் போனது?

காரணம் அட்டை. கறுப்புப் பின்னணியில், படங்களை வெட்டி ஒட்டிச் செய்த ஒரு முகம். அதில் ஒரு துண்டு, முசோலினியின் சிலை. உள்ளே 'அதிமனிதன்' என்று ஒரு தலைப்பு. நாஜிகள் நீட்சேயின் அந்தச் சொல்லைத் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொண்ட வரலாறு எல்லோருக்கும் தெரியும். முசோலினி செத்து முப்பது வருடம்கூட ஆகவில்லை. 1969 டிசம்பரில் மிலானின் ஃபொன்தானா சதுக்கத்தில் தீவிர வலதுசாரிகள் வைத்த குண்டு 17 உயிர்களைப் பலி வாங்கியிருந்தது. ராக் கேட்ட இளைஞர்களில் பெரும்பாலோர் இடதுசாரிகள். இந்த அட்டையைப் பார்த்ததும் 'பாசிஸ்ட் கும்பல்' என்று முத்திரை விழுந்தது. அரசு ஒலிபரப்பு நிறுவனமான ராயும் ஆல்பத்தை ஒதுக்கியது. நாங்கள் சொல்லும் அதிமனிதன் ஆள வந்தவன் அல்ல, இயற்கையோடு ஒன்றி வாழ்பவன் என்று குழு விளக்கியது. கேட்க ஆள் இல்லை. கொஞ்ச காலத்தில் குழு கலைந்தது.

அந்த இளைஞர்களின் கோபத்தை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். குண்டு வெடிக்கும் நாட்டில் சர்வாதிகாரியின் முகத்தை அட்டையில் போட்டால், அதன் அர்த்தம் போட்டவர் கையில் மட்டும் இருக்காது. அந்தப் பொறுப்பு குழுவுக்கும் உண்டு. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் திட்டுவது வேறு, கேட்காமலே தீர்ப்பு எழுதுவது வேறு.

பிறகு நடந்தது சுவாரஸ்யம். டிரம்மர் ஜான்கார்லோ கோல்ட்சி 1975-ல் மாத்தியா பஜார் என்ற பாப் குழுவுக்குப் போனார். அந்தக் குழு 1978-ல் சான்ரெமோ விழாவிலேயே முதல் பரிசு வாங்கியது. இன்னொரு பக்கம் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் ரசிகர்கள் பழைய இசைத்தட்டைத் தேடித் தேடிக் கேட்டார்கள், மறுபதிப்புகள் வந்தன. ஜெனோவாவில் ஒரு குழு, இந்தப் பாட்டின் கடைசிப் பகுதியின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. 2010-ல் வந்த அதன் முதல் ஆல்பத்தில் பாடியவர் அதே கலீஃபி. 2013-ல் மூஸேயோ ரோசன்பாக்கே 'பார்பாரிக்கா' என்ற புது ஆல்பத்தோடு வந்தது.

நீங்கள் கேட்பதாக இருந்தால் மூணு விஷயம். ஒன்று, நடுவில் தள்ளாமல் முதல் பக்கத்தை ஒரே மூச்சில் கேளுங்கள். இரண்டு, படிச்சுக்கிட்டே கேட்காதீங்க, ஹெட்போன் போட்டு இருபது நிமிடம் சும்மா உட்காருங்க. மூன்று, முதல் முறை பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை. அப்பவும் பிடிக்கலையா? தாராளமாகத் திட்டலாம். அட்டையையும் சேர்த்தே திட்டலாம். கேட்டுவிட்டுத் திட்டும் உரிமை அப்போது உங்களிடம் இருக்கும்.