சோகையும் பாடசாலைப் படிப்பும்

பாபநாசமாயினும் வேறெவ்வூராயினும், பாடத்தில் மனம் பற்றாத பிள்ளையை மந்தமென்று சொல்லிவிடுதல் எளிது. கண்ணிமையைத் தாழ்த்தி உள்ளே சிவப்பு உண்டாவென்று பார்ப்போர் சிலரே.

இரத்தம் பிராணவாயுவைச் சுமப்பதற்கு இரும்பு வேண்டும். மூளையின் வேலைக்கும் அது இன்றியமையாதது. செம்பின் பெயர் பூண்ட தாமிரபரணி பாயும் நாட்டில் நெல்லுக்குக் குறைவில்லை. ஆனால் தீட்டிய அரிசியில் இரும்பு சொற்பம். ஈர மண்ணில் வெறுங்காலுடன் நடப்போரைப் பற்றும் கொக்கிப்புழுவோ உள்ள இரத்தத்தையும் உறிஞ்சிவிடும். மாதவிலக்குத் தொடங்கிய பெண்களுக்கு நஷ்டம் இன்னும் அதிகம்.

பரோடாவில் சேஷாத்ரி, கோபால்தாஸ் என்னும் இருவர் பிள்ளைகளுக்கு இரும்பு கொடுத்துச் செய்த ஆராய்ச்சிகள் 1989இல் வெளிவந்தன. சோகையுள்ளவர்கள் அறிவுப் பரீக்ஷைகளில் முன்னிலும் தேறினர். சோகையில்லாதவனுடைய புத்தியை மாத்திரை கூர்மையாக்குமென்று எண்ணுதல் வீண்.

2018இல் தொடங்கிய சோகை ஒழிப்புத் திட்டப்படி, 10 முதல் 19 வயதினர்க்கு 60 மில்லிகிராம் இரும்புள்ள நீல மாத்திரை வாரம் ஒன்று. ஆகாரத்திற்குப் பின்னரே விழுங்குக. தேநீர் உடன் ஆகாது, நெல்லிக்காயும் எலுமிச்சையும் நலம். மலம் கறுக்கும், அதுகண்டு தாய்மார் அஞ்சி மாத்திரையை நிறுத்துதல் கூடாது. பூச்சி மாத்திரையையும் தவறவிடலாகாது. வீட்டிலிருப்பவற்றைக் கைக்குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவேண்டும். ஒருசேரப் பல விழுங்கினால் அவையே விஷமாகும்.