மீன்பிடி சாதனங்களைப் பாதுகாக்கும் முறை

வானம் பார்த்த பூமியென்று பெயர் பெற்ற விருதுநகர் மாவட்டத்தில் மீன்பிடி சாதனங்களைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறக்கூடும். சிவகாசியையும் அதனை ஒட்டியுள்ள விஸ்வநத்தத்தையும் எண்ணும்பொழுது தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலுமே யாவருக்கும் நினைவில் எழுகின்றன. ஆயினும், இவ்வட்டாரத்தில் கண்மாயோ ஊருணியோ இல்லாத கிராமத்தைக் காண்பது அரிது. வைப்பாற்றில் வெம்பக்கோட்டை அணையும், அர்ச்சுனா நதியில் ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி அணைகளும் உள்ளன. வடகிழக்குப் பருவமழை கைகொடுக்கும் ஆண்டுகளில் இந்நீர்நிலைகள் யாவும் மீன் விளையும் வயல்களாகின்றன. மீன்பாசி ஏலத்தின் மூலம் பொது நிதிக்கு வருவாயும், பிடிப்போருக்குக் கூலியும், உண்போருக்குப் புரதச் சத்தும் கிடைக்கின்றன.

மீன் குஞ்சு விடுவதைப் பற்றியும் தீவனம் இடுவதைப் பற்றியும் நாம் அடிக்கடி பேசி வருகிறோம். 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் டாக்டர் ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில் கெண்டை இன மீன்களை ஊசி மருந்தின் மூலம் முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அதன் பயனாக இன்று கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் உள்நாட்டுக் கிராமங்களிலும் எளிதில் கிடைக்கின்றன. ஆனால், வளர்ந்த மீனைக் கரையேற்ற வேண்டிய வலையையும் தூண்டிலையும் பேணும் முறையைப் பற்றி நாம் போதிய கவனம் செலுத்துவதில்லை. இக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாதனம் கெடுவது எப்பொழுது?

நமது கண்மாய்கள் கார்த்திகை, மார்கழியில் நிரம்பிச் சித்திரை, வைகாசியில் வற்றுகின்றன. மீன் பிடிக்கும் பருவம் பெரும்பாலும் மாசி முதல் சித்திரை வரையுள்ள மூன்று மாதங்கள் எனக் கொள்வோம். எஞ்சிய ஒன்பது மாதங்களும் வலை வீட்டில் முடங்கிக் கிடக்கிறது. அடுத்த ஆண்டு மழை பொய்த்துவிட்டாலோ, அது இருபத்தொரு மாதங்கள் தொடர்ந்து ஓய்வு கொள்ள நேரிடும். நாள்தோறும் கடலுக்குச் செல்லும் மீனவரின் வலை உழைத்துத் தேய்கிறது. நமது வட்டாரத்து வலை கிடந்து கெடுகிறது. ஆதலால் வலையின் ஆயுளை இங்கே தீர்மானிப்பது அதனை வைக்கும் முறையே ஆகும்.

இதனால் விளையும் நஷ்டம் வலையின் விலையோடு முடிந்துவிடுவதில்லை. கோடையில் நீர் குறையக் குறைய அது சூடேறுகிறது. நீரில் கரைந்துள்ள பிராணவாயு குறைகிறது. மீன்கள் மூச்சுத் திணறி மேலெழும்புகின்றன. அச்சமயத்தில் சில நாட்களுக்குள் மீனை எடுத்தாக வேண்டும். அந்நாளில் வலையை விரித்துப் பார்த்து, எலி கடித்த துளைகளையும் இற்றுப்போன கயிறுகளையும் கண்டால் என்ன செய்வது? வெளியூர் வலையை வாடகைக்கு அமர்த்த வேண்டும். அல்லது வியாபாரியிடம் கடன் பெற்றுப் புதுவலை வாங்கி, அவர் கேட்ட விலைக்கே மீனைக் கொடுக்க வேண்டும். ஓராண்டு உழைப்பின் இலாபம் ஓர் ஓட்டை வலை வழியே நழுவிவிடுகிறது.

வலைகளும் அவற்றின் பகைகளும்

முற்காலத்தில் பருத்தி நூலால் வலை முடைந்தனர். பருத்தி ஈரத்தில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதனை அரித்துவிடும். அதைத் தடுக்கவே பனிச்சங்காய், மரப்பட்டை ஆகியவற்றின் துவர்ச்சாற்றில் வலையைத் தோய்த்து எடுத்தனர். இன்று பெரும்பாலும் நைலான் வலையும் தங்கூசி வலையுமே உபயோகத்தில் உள்ளன. இவை அழுகுவதில்லை. இதனைக் கண்டு, நைலானுக்குப் பாதுகாப்பே தேவையில்லை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். இது சரியன்று.

நைலானின் முதற்பகை வெயில். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் நூலின் வலிமையை மெல்ல மெல்லக் குறைக்கின்றன. கண்ணுக்கு நல்ல வலையாகவே தோன்றும். பெரிய மீன் சிக்கியவுடன் அறுந்துவிடும். இரண்டாவது பகை நெருப்பும் சூடும். நைலான் ஏறத்தாழ 220 டிகிரி வெப்பத்தில் உருகும். பாலிஎதிலீன் கயிறு அதனினும் மிகக் குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடும். பீடித் துண்டின் பொறி ஒன்றே பல கண்களைக் கருக்கிவிடப் போதும். மூன்றாவது பகை எலி. அது நைலானை உண்பதில்லை. வலையில் ஒட்டியுள்ள செதிலும் கவிச்சுமே அதனை ஈர்க்கின்றன. நான்காவது பகை அமிலம். மின்கல அமிலம் சிந்திய இடத்தில் வைத்த நைலான் நூல் நைந்துபோகும். வெளுக்கும் தூளும் அதற்குத் தீங்கு செய்யும்.

கழுவி உலர்த்துதல்

மீன் பிடித்து முடிந்த அன்றே வலையை நல்ல நீரில் அலசிச் செதில், பாசி, சேறு, முள் ஆகியவற்றை நீக்க வேண்டும். ‘நாளை பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஈர வலையைக் குவித்து வைப்பதே பாதிக் கேட்டிற்குக் காரணம். பின்னர், காற்றோட்டமுள்ள நிழலில் கொடிகட்டி விரித்து உலர்த்துக. புளிய மரத்தடியும் வேப்ப மர நிழலும் இதற்கு உகந்தவை. மேல்கயிறும் அடிக்கயிறும் கண்களைவிடத் தாமதமாகவே உலரும். ஆதலால் கயிற்றைக் கையால் பிழிந்து பார்த்து, ஈரமில்லை என்று கண்ட பின்னரே எடுத்து வைக்க வேண்டும்.

கழுவி உலர்த்துவதில் மற்றொரு நன்மையும் உண்டு. ஒரு கண்மாயில் பயன்படுத்திய ஈர வலையை மறுநாளே வேறு கண்மாயில் இறக்கினால், மீன் பேன் முதலிய ஒட்டுண்ணிகளும் நோய்க்கிருமிகளும் உடன் செல்லக்கூடும். 1988ஆம் ஆண்டில் நமது நாட்டில் புகுந்த மீன் புண்நோய் பல மாநிலங்களில் பரவிப் பெருநஷ்டம் விளைவித்தது. வெளியூரிலிருந்து வாடகைக்கு வரும் வலையையும் கழுவி, நன்கு உலர்த்திய பின்பே நமது கண்மாயில் இறங்க அனுமதிக்க வேண்டும்.

பழுது பார்த்தலையும் அப்பொழுதே செய்வது நலம். ஒரு கண் அறுந்தபோது ஊசியும் நூலும் எடுத்தால் சிறிது நேரத்தில் முடியும். விட்டுவிட்டால் அடுத்த இழுப்பில் ஆள் நுழையும் வழியாகிவிடும். வீச்சு வலையின் ஈயமணிகளை எண்ணிப் பார்த்து, உதிர்ந்தவற்றுக்குப் புதியன கோக்க வேண்டும். ஈயம் நஞ்சாதலால் அதனைப் பல்லால் கடித்து நெருக்கும் வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் உணவு கொள்ளலாகாது.

வைக்கும் முறை

உலர்ந்த வலையைத் தரையிலும் சிமெண்டுத் தளத்திலும் குவிக்கலாகாது. மிதவையுள்ள மேல்கயிற்றை ஒரு புறமும், ஈயமுள்ள அடிக்கயிற்றை மறுபுறமுமாகச் சேர்த்து, மூன்று நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட வேண்டும். தொங்கும் கயிற்றின் நடுவே அகன்ற தகரத் தட்டு ஒன்றைக் கோத்துவிட்டால் எலி இறங்க இயலாது. அடுப்புக்கு மேலுள்ள பரணும், வெயிலில் தகிக்கும் தகரக் கூரையின் அடிப்புறமும் ஏற்ற இடங்கள் அல்ல. யூரியா மூட்டை, பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் ஆகியவற்றோடு ஒரே அறையில் வைப்பதும் கூடாது; அவற்றின் வாடை வலையில் ஏறும்; நஞ்சும் ஒட்டும்.

ஒவ்வொரு வலைக்கும் ஒரு மரத்துண்டில் எண் பொறித்துக் கட்டுக. வலையின் நீளம், ஆழம், கண்ணின் அளவு, வாங்கிய ஆண்டு, பழுது பார்த்த நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுக. இதனால் சிறுகண் வலை எது, பெருங்கண் வலை எது என்பது இருளிலும் குழப்பமின்றித் தெரியும். வளராத குஞ்சுகளை அள்ளிவிடும் சிறுகண் வலையைத் தவறாகக் கொண்டுபோய் இறக்கும் பிழையும் நேராது. மூன்று மாதங்களுக்கு ஒரு முறை வலையை இறக்கி உதறிப் பார்த்து, மறுபடியும் மாட்டுவது அவசியம்.

தூண்டில் பெட்டி

விரால், கெளுத்தி போன்ற மீன்களைத் தூண்டிலிட்டுப் பிடிப்போர் நமது கிராமங்களில் பலர் உள்ளனர். அமெரிக்காவில் பாஸ் என்றொரு மீன் உண்டு. அதுவும் நமது விராலைப் போல் இரையைப் பாய்ந்து கவ்வுவது. அதனைப் பிடிப்போர், பல அறைகள் கொண்ட பெட்டியில் ஒவ்வொரு வகைச் சாதனத்தையும் தனித்தனியே வைக்கின்றனர். மென்மையான ரப்பர் போன்ற செயற்கை இரையைக் கெட்டியான பிளாஸ்டிக் இரையோடு சேர்த்து வைத்தால், இரண்டும் இளகி ஒட்டிப் பாழாகும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கின்றனர். வகை பிரித்தல், ஈரம் போக்குதல், ஒன்றையொன்று கெடுப்பனவற்றை விலக்குதல் ஆகிய இம்மூன்று விதிகளும் நமக்கும் பொருந்தும்.

தூண்டில் முள்ளை எண் வாரியாகப் பிரிக்க வேண்டும். சாதாரண முட்களில் எண் கூடக் கூட முள் சிறியதாகும் என்பதை நினைவிற் கொள்க. கெண்டைக்குச் சிறு முள்ளும், விராலுக்குப் பெரு முள்ளும் தேவை. உபயோகித்த முள்ளைத் துடைத்து உலர்த்தி, சிறிது தேங்காய் எண்ணெய் தடவி, நெட்டியிலோ தக்கையிலோ குத்தி வைத்தால் முனை மழுங்காது, கைகளையும் குத்தாது. ஈரம் பட்ட முள்ளை நல்ல முட்களோடு போட்டால் துரு மற்றவற்றிற்கும் பரவும். பெட்டியின் மூலையில் வறுத்த அரிசியைச் சிறு துணி முடிச்சாக இட்டு வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம். அச்சுத் தொழில் மிகுந்த நமது வட்டாரத்தில் அட்டைப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அட்டை ஈரத்தைத் தன்னுள் வாங்கும்; கரப்பானும் அடையும். மூடியுள்ள தகர டப்பாவோ பிளாஸ்டிக் டப்பாவோ மேலானது.

தங்கூசி நரம்பை அகன்ற கட்டையில் சுற்றி, வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும். அதன் நுனியில் ஒரு முழம் விரைவில் தேயும். அதனை வெட்டிவிட்டு முள்ளைப் புதிதாகக் கட்டுக. வெட்டிய நரம்பையும் கிழிந்த வலையையும் கண்மாயில் எறிவது பெருந்தீங்கு. அவை அழுகாமல் பல ஆண்டுகள் நீரிலும் கரையிலும் கிடந்து, நாரையையும் ஆமையையும் சிக்கவைக்கும். கால்நடைகளின் குளம்பிலும் சுற்றிக்கொள்ளும். அவற்றைச் சேர்த்துத் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர்களில்

இவ்வட்டாரத்து மக்கள் தனிக்கவனம் செலுத்த வேண்டிய சில விஷயங்கள் உண்டு. இரசாயனப் பொருள் வந்த வெறுஞ் சாக்குகளில் வலையைக் கட்டி வைக்கலாகாது. நைட்ரேட், குளோரேட் போன்ற உப்புகள் ஊறிய சாக்கும் நூலும் தீப்பட்டால் சீறி எரியும். அவ்வுப்புகள் தூண்டில் முள்ளைத் துருப்பிடிக்கவும் செய்யும். மருந்து பட்ட வேலை உடையோடு வலை அறைக்குள் செல்வதும், அங்கே விளக்கேற்றுவதும், புகைப்பதும் கூடா.

வெடி வைத்து மீன் பிடிக்கும் தீய வழியை எவரும் நாடலாகாது. 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே வெடிமருந்தாலும் நஞ்சாலும் மீனைக் கொல்வதைக் குற்றமென விதித்துள்ளது. வெடியின் அதிர்ச்சி பெரிய மீனோடு குஞ்சையும் முட்டையையும் அழிக்கிறது. செத்தவற்றுள் ஒரு பகுதி அடியில் மூழ்கி அழுகி, ஆடு மாடு பருகும் நீரைக் கெடுக்கிறது. பிடித்தவரின் கையும் கண்ணும் போனாலோ ஈடுசெய்ய வழியில்லை. நல்ல வலை கையிலிருப்பவனுக்கு இவ்வழியில் மனம் செல்லாது. வலையைப் பேணுவது கண்மாயைப் பேணுவதற்கும் துணையாகிறது.

ஊராட்சியின் கடமை

40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் உள்ளன. பொறுப்பு யாருடையதாயினும், மீன் பிடிப்போர் கிராம மக்களே. ஆதலால் ஊராட்சி அங்கத்தினர்கள் சில காரியங்களை முன்னின்று செய்யலாம். பயன்படாமல் கிடக்கும் பொதுக் கட்டிடம் ஒன்றை வலை அறையாக்கலாம். அதில் உத்தரக் கம்பி, எலி நுழையாத கம்பி வலைச் சன்னல், மணல் வாளி, பூட்டு ஆகியவை இருந்தால் போதும். அறையின் சாவியையும் குறிப்பேட்டையும் ஒருவரிடம் ஒப்படைத்து, எடுத்தவர் பெயரையும் திருப்பிய நாளையும் எழுதச் செய்யலாம். வலை கோக்கத் தெரிந்த முதியவர்களைக் கொண்டு இளைஞர்களுக்கும் மகளிர் குழுவினருக்கும் அக்கலையைக் கற்பிக்கலாம். வலை நூல், கண் அளவு ஆகியவை பற்றிய ஆலோசனையை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் பெறலாம். கொச்சியில் 1957ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் இத்துறையில் தொடர்ந்து ஆராய்ச்சி நடத்தி வருகிறது.

ஏர் பூட்டுமுன் கலப்பையின் கொழுவைச் சரிபார்க்கும் உழவருக்கு இவையெல்லாம் புதிதல்ல. புரட்டாசி மாதத்திலேயே வலையை இறக்கிப் பாருங்கள். அறுந்ததைக் கோத்து, உதிர்ந்ததைச் சேர்த்து, முள்ளைத் துடைத்து வையுங்கள். மழை பெய்வதும் பெய்யாததும் நமது கையில் இல்லை. கண்மாய் நிரம்பும் ஆண்டில் நமது வலை ஆயத்தமாக இருப்பது நமது கையில்தான் இருக்கிறது.