அடைகிடத்தலும் அடைகாத்தலும்

சென்ற மார்கழி மாதத்து விடியற்காலை. வத்தளையிலே, ஹமில்டன் கால்வாய்க்கு அண்மையிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து மாணவரின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கோடிப்புறத்திலிருந்து மனைவியின் குரல் எழுந்தது.

“இஞ்சாருங்கோ, சிவத்தக் கோழி அடைக்குக் கிடக்குது. வாளியிலை தண்ணி இருக்குது. ஒருக்காத் தோய்ச்சு எடுத்துவிடுங்கோ.”

எழுந்து சென்று பார்த்தேன். முட்டை ஒன்றேனும் இல்லாத வெறும் பெட்டியிலே, இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, உடலைத் தட்டையாக்கிப் படுத்திருந்தது. கையை நீட்டினேன், கொத்திற்று. ஆயினும் வாளியைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் காரணத்தைக் கூறுகின்றேன்.

அப்பொழுது எனக்கு வயது பன்னிரண்டு. யாழ்ப்பாணத்து வலிகாமத்திலே எங்கள் வீடு. அதுவும் மார்கழி மாதமே. வாடையும் மழையும் ஓயாத காலம். அடைக்குக் கிடந்த பேடு ஒன்றை, அயலவர் சொற்படி, கிணற்றடித் தொட்டியில் மும்முறை அமிழ்த்தி, மூக்குத் துளையில் இறகொன்றைச் செருகி, வேலியோரத்திற் கட்டிவைத்தேன். மூன்றாம் நாட் காலையில் அது விறைத்துக் கிடந்தது. அன்னையார் என்னை அடிக்கவில்லை. “தம்பி, அது என்ன குற்றஞ் செய்தது?” என்று மட்டும் கேட்டார். அதற்குக் கூறத்தக்க மறுமொழி அன்றும் என்னிடம் இல்லை, இன்றும் இல்லை.

குற்றம் யாதுமில்லை என்பதே உண்மை. பேட்டின் குருதியிலே புரோலக்டின் என்னும் சுரப்பு மிகும்போது முட்டையிடுதல் நின்று, அடைகிடக்கும் வேட்கை எழுகின்றது. நெஞ்சின் கீழ் இறகு உதிர்ந்து, வெறுந்தோல் வெப்பமுற்று நிற்கும். தண்ணீர் வைத்தியம் அந்தச் சூட்டைத் தணிக்கவே செய்யப்படுகின்றது. ஆனால், நாளுக்கு ஒருமுறை மாத்திரம் எழுந்து இரை தின்னும் பேடு ஏற்கெனவே மெலிந்திருக்கும். நனைந்த இறகு உடலின் வெப்பத்தைத் தாங்காது. குளிர்காலத்தில் அது பிழைத்தல் அரிது. நுவரெலியா போன்ற உயர்ந்த ஊர்களில் உள்ளோர் இதனை இருமடங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

குஞ்சு வேண்டாதவர்க்கு எளிய வழியொன்று உண்டு. அடியிலே கம்பிவலை பொருத்திய கூட்டினைச் செங்கற்களின்மேல் உயர்த்தி, மழைச்சாரல் படாத இடத்தில் வைத்து, பேட்டை அதனுள் விடுக. வைக்கோல் இடலாகாது; இரையும் நீரும் குறைத்தலாகாது. கீழிருந்து வரும் காற்றே வயிற்றுச் சூட்டை மெல்லத் தணித்துவிடும். மூன்று நான்கு நாளில் பெரும்பாலும் வேட்கை தீரும்.

யானும் அவ்வாறே கூடு செய்ய எண்ணிச் சுத்தியலை எடுத்தேன். அப்போது ஓர் எண்ணம் குறுக்கிட்டது. கோழிக்கும் கூகைக்குமே பெண்மைப் பெயராக ‘அளகு’ என்ற சொல்லைத் தொல்காப்பியர் மரபியலிலே உரிமையாக்கினார். அந்நூற்பாவை எத்தனையோ ஆண்டு மாணவர்க்குக் கற்பித்தேன். அளகு ஒன்றினை ஒருநாளேனும் இருந்து நோக்கினேனோ? தமிழிலே ‘அடைகிடத்தல்’ என்றும் ‘அடைகாத்தல்’ என்றும் இருவகையாக வழங்குகின்றோம். வெறும் பெட்டியிற் படுத்திருப்பது கிடத்தல்; முட்டையின்மேல் இருப்பதே காத்தல். கிடக்கின்ற உயிரைக் காக்கின்ற உயிராக்குதல் நம் கையிலன்றோ உள்ளது!

சுத்தியலை வைத்துவிட்டேன். சேவலுள்ள நண்பர் ஒருவரிடம், இட்டு ஒரு கிழமைக்கு மேற்படாத முட்டைகள் எட்டு வாங்கினேன். வெயிற்காலமாயின் பத்துப் பன்னிரண்டும் வைக்கலாம். குளிரிலோ சிறகுக்கு வெளியே ஒதுங்கும் முட்டை பழுதாகும். வத்தளையிலே மார்கழி விடியலின் வெப்பம் ஏறத்தாழ 22 பாகைக்கே இறங்கும். முட்டைக்கோ ஏறத்தாழ 37½ பாகை வேண்டும். குறையை நிரப்புவது பேட்டின் உடலே. ஆற்றையும் கால்வாயையும் அடுத்த எங்கள் நிலத்தில் குளிரினும் ஈரமே பெரும்பகை. ஆதலால் பனையோலைக் கடகத்தில் உலர்ந்த வைக்கோல் பரப்பி, உண்ணிக்குச் சிறிது சாம்பல் தூவி, விறாந்தை மூலையிற் பலகைமேல் வைத்தேன். இருட்டியபின் முட்டைகளை ஒவ்வொன்றாகச் சிறகின் கீழே தள்ளினேன். கொத்திய அதே அலகு அவற்றை உள்ளே இழுத்துக்கொண்டது!

ஏழாம் நாள் இரவு கைவிளக்கொளியிற் பார்த்தோம். ஆறிலே செந்நரம்பு ஓடிற்று; இரண்டு கருவின்றி வெளிறியிருந்தன; அவற்றை அகற்றினோம். தைமாதம் பிறந்தபின், இருபத்தோராம் நாள், ஐந்து குஞ்சுகள் வெளிவந்தன. ஒன்று ஓட்டினுள்ளேயே இறந்துபோயிற்று. வாளியை எடுக்கச் சொன்னவரே அன்று குருணல் அரிசி கொண்டுவந்து தூவினார்.

கணக்குப் பார்ப்போர்க்கு ஒரு சொல்: அடைகாத்துக் குஞ்சை வளர்க்கும் பேடு இரண்டு மூன்று மாதம் முட்டை தாராது. அந்த இழப்பைப் பொறுக்க இயலாதவர் கம்பிக்கூட்டை நாடுக, அதிற் குற்றமில்லை. குளிர்நாளில் வாளியை மட்டும் நாடற்க.

மாலைதோறும் அந்த ஐந்தும் தாயின் சிறகினுள் ஒடுங்கும். அவ்வேளையில் அன்னையாரின் வினாவை நினைப்பேன். மறுமொழி இன்னும் கிட்டவில்லை. ஆயினும் அவ்வினா முன்போல் என்னைச் சுடுவதில்லை.