சைக்கிளைவிட்டு இறங்காதவர்கள்

1948இல் வந்த இத்தாலியப் படம் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் கட்டாயம். அடகில் கிடக்கும் சைக்கிளை மீட்கப் படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள் மனைவி. வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் களவுபோகிறது. அப்பனும் மகனும் ரோம் நகரமெங்கும் தேடி அலைகிறார்கள். அப்பனாக நடித்தவர் நிஜத்திலேயே ஆலைத் தொழிலாளி.

மலேசியாவில் கலும்பாங் முதல் கோலசிலாங்கூர் வரை ரப்பர்க் காட்டில் வளர்ந்தவர்களுக்குச் சைக்கிளின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். கூடவே இன்னொன்று: வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும். அதற்குப் பத்தாண்டுக்கு முன், ரப்பர் விலை சரிந்த மந்தக் காலத்தில், 50 காசு நாள்கூலியிலும் கைவைத்திருந்தார்கள். பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பியிருந்தார்கள். அந்தக் கோபமெல்லாம் சேர்ந்துதான் வெடித்தது. முன்னின்ற ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இதைவிட ஒரு படத்துக்கு என்ன கதை வேண்டும்?

தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் பார்த்த படங்கள் வேறு. 1964இன் ‘தொழிலாளி’ போன்ற எம்.ஜி.ஆர். படங்களில் கடைசி ரீலுக்குள் நியாயம் கிடைத்துவிடும். மறுநாள் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அந்த நியாயம் கூடவே வராது. நாளெல்லாம் பால்மரம் வெட்டியவனுக்கு அந்த ஆறுதலாவது வேண்டாமா என்பார்கள், இருக்கட்டும். 1960இலேயே நிமாய் கோஷ் ‘பாதை தெரியுது பார்’ எடுத்து, தொழிலாளரின் போராட்டத்தைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தார். பாட்டுகள் நிலைத்தன, படம் ஓடவில்லை.

மலேசியத் தோட்டத்தைத் தமிழில் நேராகப் பார்த்த படம் தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005). தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்களின் பிற்கால வாழ்க்கையைச் சொன்னது சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015).

இனி எடுக்க நினைப்பவருக்குத் தோட்டம் எங்கே இருக்கிறது? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வருகின்றன. இடிந்துபோன லயத்து வீடுகளைச் செட் போட்டுவிடலாம். பெரட்டில் யார் எங்கே நின்றார்கள், மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலை எப்படிச் சேர்த்தார்கள், மழைநாளில் அடுப்பு எதை நம்பி எரிந்தது? இதைச் சொல்லக்கூடியவர்களுக்கு எண்பது வயதாகிறது. கதாசிரியர் ஊகித்து எழுதினால் அது சினிமாத் தோட்டமாகத்தான் இருக்கும்.

அடுத்த விடுமுறையில் கலும்பாங் பக்கம் போகிறவர்கள் பாட்டியின் எதிரே கைப்பேசியை வைத்து, பால் வெட்டப் போன ஒரு நாளை விடிந்ததிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். நடுவில் குறுக்கே பேசாதீர்கள்.