இடிப்பதா, காப்பதா? நூறு வயது பள்ளிக்கூடத்தின் கதியைச் சொல்லும் கண்ணாடித் துண்டு!

சென்னை நகரில் நூறு வயதைத் தாண்டிய பள்ளி, கல்லூரி கட்டிடங்கள் பல இருக்கின்றன. சுவரில் ஒரு விரிசல் தெரிந்தால் போதும், வாக்குவாதம் தொடங்கி விடும்.

"இடிச்சுத் தள்ளிட்டு புதுசா கட்டுங்க சார்" என்பார் ஒருவர். "நான் படிச்ச பள்ளிக்கூடமாச்சே, மனசு வருமா?" என்பார் இன்னொருவர்.

இருவருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் கட்டிட என்ஜினீயர். அவர் கையில் எடுக்கும் மலிவான ஆயுதம் எது தெரியுமா? ஒரு சிறு கண்ணாடித் துண்டு!

உடைந்தால் ஆபத்து

விரிசலுக்கு குறுக்கே கண்ணாடியை ஒட்டி, தேதி எழுதி வைப்பார்கள். சில மாதம் கழித்தும் முழுசாக இருந்தால், விரிசல் பழசு. உடைந்து கிடந்தால், சுவர் இன்னும் நகருகிறது. அஸ்திவாரத்தை தோண்டிப் பார்த்தே ஆக வேண்டும். பெரிய விரிசல் என்றால் காத்திருக்கவே கூடாது. அறையை உடனே பூட்ட வேண்டும்.

தேக்கும் கரையானும்

அடுத்து கூரை. அந்தக் காலத்து "மெட்ராஸ் டெரஸ்" தளத்தில் தேக்குக் கட்டைகள் மேல் செங்கல், சுண்ணாம்பு ஜல்லி, தட்டு ஓடு இருக்கும். சுவருக்குள் புதைந்த கட்டை நுனிதான் முதலில் உளுத்துப் போகும். வெளியே பளபளப்பு, உள்ளே கரையான்! நுனிக்கு அடியில் இரும்பு கர்டர் கொடுத்து கூரையைக் காப்பாற்றலாம்.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசுவது தப்பு. ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளேயே ஊறிப் போகும்.

பாரம் எவ்வளவு?

வகுப்பறைத் தளம் சதுர மீட்டருக்கு சுமார் 300 கிலோ தாங்க வேண்டும். புத்தகங்களை அடுக்கி வைக்கும் அறை என்றால் 600 கிலோ! மாடி வகுப்பை கணக்குப் பார்க்காமல் நூலகமாக மாற்றினால் என்ன ஆகும்?

பக்கத்தில் புதிய கட்டிடத்துக்கு பள்ளம் தோண்டும்போதும் உஷார் தேவை. ஒரே மூச்சில் தோண்டினால் பழைய சுவரின் காலை வாரி விடும். முட்டுக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்ட வேண்டும்.

2002-ம் ஆண்டு சென்னை 2-வது பூகம்ப மண்டலத்தில் இருந்து 3-வது மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. பழைய கட்டிடங்கள் கட்டப்பட்டபோது இந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

3 உயிர்கள்

2021 டிசம்பர் 17-ந்தேதி நெல்லையில் ஒரு பள்ளியில் சுவர் இடிந்து 3 மாணவர்கள் பலியானார்கள். இடிந்தது மாளிகை அல்ல, கழிவறைச் சுவர். அஸ்திவாரம் இல்லாத சுவர் என்று அப்போது செய்திகள் வந்தன.

மெரினா கடற்கரையில் 1914-ல் தொடங்கிய ராணி மேரி கல்லூரியை 2003-ல் இடிக்க திட்டம் வந்தது. மாணவிகள் போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி நிற்கிறது.

வயசு மட்டும் கட்டிடத்தைக் கொல்வது இல்லை. அலட்சியம்தான் கொல்லும்!

உங்கள் பிள்ளையின் பள்ளிச் சுவரில் விரிசல் இருக்கிறதா? நாளைக்கே தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்: "என்ஜினீயர் வந்து பார்த்தாரா?"