எட்டாவது வாய்

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் தாண்டி வட்டவடைக்குப் போனால், மலைச்சரிவு நெடுகப் படிப்படியாக வெட்டிய வயல்கள். கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், உருளை, நடுநடுவே பூண்டு. இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. இங்கும் பக்கத்துக் காந்தளூரிலும் விளைகிற மலைப்பூண்டுக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மணமும் காரமும் தூக்கலான பூண்டு.

கேரள–தமிழக எல்லைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும், பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு கொடுக்காத வீடு அபூர்வம். நல்லெண்ணெயில் வதக்கிக் கொடுப்பார்கள், பாலில் வேகவைத்துக் கொடுப்பார்கள், பத்தியக் குழம்பில் பல் பல்லாகப் போடுவார்கள். “பூண்டு தின்னாத்தான்டி பால் ஊறும்” என்பது பாட்டிமார் கணக்கு. பால் ஊறுகிறதோ இல்லையோ, பாலுக்கு மணம் ஏறுகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், சுவையையும் மணத்தையும் ஆராய்வதற்கென்றே மோனெல் என்றொரு நிலையம் இருக்கிறது. அங்கே ஜூலி மெனெல்லாவும் கேரி பியூசாம்பும் பாலூட்டும் தாய்மாருக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஓரிரு மணி நேரத்தில் பாலில் பூண்டு வாசம் தெரிந்தது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பைப் பற்றிக் குடித்தார்கள். 1991-ல் வெளிவந்த ஆய்வு இது.

பத்து ஆண்டு கழித்து மெனெல்லா கேரட்டை எடுத்துக்கொண்டார். சில தாய்மார் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கேரட் சாறு குடித்தார்கள். சிலர் பாலூட்டும் காலத்தில் குடித்தார்கள். மூன்றாவது குழுவுக்கு வெறும் தண்ணீர்தான். குழந்தைகள் திட உணவு தொடங்கியதும் கேரட் சாறு கலந்த கஞ்சியை ஊட்டினார்கள். வயிற்றிலோ பாலிலோ கேரட்டை முன்பே அறிந்திருந்த பிள்ளைகள் குறைவாகவே முகம் சுளித்தார்கள். 2022-ல் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி பின்னால் போனது. கர்ப்பிணிகள் கேரட் தூள் மாத்திரை விழுங்கிய சற்று நேரத்தில் ஸ்கேனில் கருவின் முகத்தைப் பார்த்தார்கள். சிரிப்பதுபோல் வாய் விரிந்தது. கேல் கீரைத் தூளுக்கு அழுகிற முகம்.

ஆக, ஆறாம் மாதம் முதல் சோறூட்டும் சடங்கான சோறூணுக்குக் குருவாயூரில் மடியில் உட்காருகிற பிள்ளை சுவையறியாத பிள்ளை இல்லை. அம்மா சாப்பிட்டதெல்லாம் ஓரளவு அதற்கும் தெரியும். அம்மா தொடாததுதான் தெரியாது.

தெரியாததைத் துப்புவது பிள்ளையின் குற்றமும் இல்லை. பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையின் நாக்கில் இனிப்புத் துளி வைத்தால் உதட்டைச் சப்பும், கசப்பு வைத்தால் வாயைப் பிளந்து தள்ளும். ஜெருசலேமில் யாக்கோப் ஸ்டைனர் 1970-களிலேயே இதைப் படமெடுத்துக் காட்டினார். காட்டில் கசக்கிற காயும் இலையும் பலநேரம் நஞ்சு. பிள்ளை தானாக நடந்து கையில் கிடைத்ததை வாயில் போடுகிற இரண்டு வயதுக்கு மேல் புது உணவைக் கண்ட பயம் கூடுவதும் இதனால்தான் என்கிறார்கள். ஒன்றரை வயதில் எல்லாம் தின்ற பிள்ளை மூன்று வயதில் கீரையைக் கண்டால் ஓடுவது ஏன் என்று குழம்புகிற வீடுகளுக்கு இந்த விளக்கம் கொஞ்சம் ஆறுதல் தரலாம்.

இனிப்பை யாரும் பழக்கத் தேவையில்லை. ஆனால் நம் வீடுகளில் முதலில் வருவதெல்லாம் இனிப்புதான்: பனங்கற்கண்டு போட்ட ராகிக் குறுக்கு, நேந்திரங்காய்ப் பொடிக் கஞ்சி, வாழைப்பழ மசியல். சத்துள்ள உணவுகள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பழகவேண்டியது கீரையும் அவரையும் புடலையும். அவற்றின் முறை வரும்போது பெரும்பாலான வீடுகளில் பொறுமை தீர்ந்துவிடுகிறது. “அவனுக்குப் பிடிக்கல, விடுடி” என்று மூன்றாம் நாளே தீர்ப்பாகிவிடும். இது உலகம் முழுக்க உள்ள பழக்கம். அமெரிக்காவில் பெற்றோரைக் கேட்டபோது, பெரும்பாலோர் மூன்றிலிருந்து ஐந்து தடவைக்குள் முடிவுகட்டி விடுவதாகத் தெரியவந்தது.

முடிவுகட்டாமல் தொடர்ந்தால் என்ன நடக்கும் என்பதை 2007-ல் ஆந்திரேயா மாயரும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் அளந்து பார்த்தார்கள். ஏழு மாதக் குழந்தைகளின் தாய்மாரிடம், “உங்கள் பிள்ளை எந்தக் காய் மசியலை அடியோடு வெறுக்கிறது?” என்று கேட்டு, அதையே ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊட்டச் சொன்னார்கள். இடைப்பட்ட நாளில் பிடித்த கேரட். கட்டாயம் கிடையாது, வேண்டாம் என்றால் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். முதல் நாள் வெறுத்த காய் சராசரியாக 39 கிராம் உள்ளே போனது. எட்டாம் தடவை 174 கிராம், ஏறக்குறைய கேரட்டுக்குச் சமம். பத்தில் ஏழு குழந்தைகள் இரண்டையும் ஒரே அளவு தின்றன. ஒன்பது மாதம் கழித்து விசாரித்தபோதும் 63 விழுக்காட்டுக் குழந்தைகள் அந்தக் காயை விரும்பியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதில் அம்மாக்களை ஏமாற்றுகிற ஒரு விஷயம் உண்டு. மெனெல்லாவின் நிலையத்தில் அதே ஆண்டு எட்டு நாள் தொடர்ந்து பீன்ஸ் மசியல் ஊட்டிப் பார்த்தார்கள். தின்கிற அளவு கூடிக்கொண்டே போனது, முகச்சுளிப்பு மட்டும் அப்படியே இருந்தது. கண்ணைச் சுருக்கி, மூக்கைச் சுழித்து, அடுத்த கரண்டிக்கு வாயைத் திறக்கும் பிள்ளைகள்! முகத்தைப் பார்த்து நிறுத்தியிருந்தால் நான்காம் நாளே பீன்ஸ் ஒழிந்திருக்கும். பார்க்க வேண்டியது வாய் திறக்கிறதா என்பதைத்தான்.

சரி, எட்டுத் தடவை, பத்துத் தடவை வையுங்கள் என்று எழுதிவிடுவது எளிது. ஏழு தடவை குப்பைக்குப் போகிற காய்க்கு யார் காசு கொடுப்பது? பாஸ்டன் பகுதி ஏழைக் குடும்பங்களோடு பழகி ஆராய்ந்த கேட்லின் டேனியல் 2016-ல் எழுதியது இதைத்தான்: பணமுடை உள்ள தாய்மார் பிள்ளை தின்னாது என்று தெரிந்ததை வாங்குவதே இல்லை. பிள்ளை எதைத் தின்னுமோ அதையே திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். தேயிலை எஸ்டேட் லயத்தில் அன்றாடக் கூலியை நம்பியிருக்கிற வீட்டுக்கும் இது பொருந்தும். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை எந்தப் பிள்ளையும் துப்புவதில்லை. அந்த அம்மாவைப் பொறுப்பில்லாதவள் என்று சொல்கிறவர்கள் அவள் போடும் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அதனால்தான் இந்தப் பொறுமைக்கான செலவைப் பொதுவில் ஏற்கிற இடங்கள் முக்கியம். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட்டுகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1975-ல் அங்கன்வாடித் திட்டம் வந்தது. கேரளத்தில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் தயாரிக்கும் ‘அமிர்தம்’ சத்துமாவு வீட்டுக்கே போகிறது: கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை. இங்கும் இனிப்பு! மூன்று வயதுக்கு மேல் அங்கன்வாடியிலேயே சூடான சாப்பாடு.

அங்கே வீட்டில் இல்லாத ஒன்று இருக்கிறது, பக்கத்து இலை. 1980-ல் லீயன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒரு காயை வெறுக்கும் பிள்ளையை அதை விரும்பும் பிள்ளைகளோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார். சில நாளிலேயே அந்தப் பிள்ளையும் அதே காயை எடுக்கத் தொடங்கியது. ஆசிரியை சொல்லாததைப் பக்கத்துப் பிள்ளை தின்றே காட்டிவிடும். அதே பர்ச் வேறொரு ஆய்வில், “இதைக் குடித்தால் அது தருவேன்” என்ற பேரத்தையும் சோதித்தார். பேரம் பேசிக் குடிக்கவைத்த பானத்தை, பேரம் முடிந்த பிறகு பிள்ளைகள் முன்னைவிடக் குறைவாகவே விரும்பினார்கள். “கீரை தின்னா மொபைல் தர்றேன்” என்கிற வீடுகள் கவனிக்கலாம்.

2025 தொடக்கத்தில் ஆலப்புழைப் பக்கத்துச் சிறுவன் ஒருவன், அங்கன்வாடியில் உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று கேட்ட வீடியோ கேரளம் முழுக்கச் சுற்றியது. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அமைச்சர் வீணா ஜார்ஜ் ஜூன் மாதம் புதிய உணவுப் பட்டியலையே அறிவித்தார்: முட்டை பிரியாணி, புலாவ், சர்க்கரையும் உப்பும் குறைப்பு. பிள்ளைக்குப் பணிந்துவிட்டார்கள் என்று சிலர் குறைப்பட்டார்கள். அப்படித் தோன்றவில்லை. பிடித்த சோற்றின் மணத்தோடு கேரட்டும் பீன்ஸும் உள்ளே போவது காய் பழக்குவதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட வழிதான். உப்புமாவிலும் அதே காய் கிடந்திருக்கலாம், ஆனால் தட்டை நகர்த்திவிட்ட பிள்ளைக்கு அதனால் பயனில்லை.

பாலக்காட்டின் அட்டப்பாடி வேறொரு பாடம். 2013-ல் அங்கே பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது தாய்மாரின் ரத்தசோகையும் எடைகுறைந்த பிறப்பும் வெளிச்சத்துக்கு வந்தன. இருளரும் முடுகரும் குறும்பரும் ராகி, சாமை, துவரை, அவரை விளைத்துத் தின்ற மலை அது. நிலம் கைவிட்டுப் போனதும் ரேஷன் அரிசி தட்டை நிரப்பியது. ஊருக்கு ஊர் சமூகச் சமையலறைகள் வந்தன, 2017-ல் சிறுதானியக் கிராமத் திட்டம் வந்தது, 2022-ல் அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு விலையைக் கூட்டும். ஆனால் கர்ப்பிணியின் தட்டில் அவரை இல்லையென்றால் பிறக்கிற பிள்ளைக்கு அது வெளியூர்க் காய்தான். இந்தியா முழுவதற்குமே நிலைமை அப்படியொன்றும் மெச்சத் தக்கதல்ல. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறிலிருந்து 23 மாதம் வரையான குழந்தைகளில் போதுமான, பலவகை உணவு பெறுவோர் சுமார் 11 விழுக்காடுதான்.

சுவையோடு பதமும் பழகவேண்டும். எல்லாவற்றையும் மிக்ஸியில் ஓட்டிக் கூழாக்கித் தருவது இப்போது வழக்கமாகிவிட்டது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த ஆய்வில், ஒன்பது மாதத்துக்குப் பிறகே கட்டியும் கரடுமாக உண்ணத் தொடங்கியவர்கள் ஏழு வயதில் காய்கனி வகைகளைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். சோற்றைக் கையால் மசித்து, திப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிய பழைய வழக்கம் இந்த விஷயத்தில் மிக்ஸியைவிட மேல். எதைக் கொடுத்தாலும் தொண்டையில் சிக்கி ஓங்கரிக்கிற, எடை ஏறாத பிள்ளையை மட்டும் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

இனிக் காரம். எந்தக் குழந்தையும் மிளகாயை விரும்பிப் பிறப்பதில்லை, ஆனாலும் நம்மில் பெரும்பாலோர் காரமின்றிச் சாப்பிட முடியாதவர்கள். நம் வீடுகளில் பொரியலைத் தண்ணீரில் அலசி ஊட்டுவோம், அப்புறம் அலசாமல் துளி, பிறகு ரசம். மெக்சிகோவின் வஹாகாவில் பால் ரோசின் என்ற உளவியலாளர் பார்த்ததும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். மிளகாய் தின்னச் சொல்லி அதட்டல் இல்லை, தின்றதற்குப் பரிசும் இல்லை. ஐந்தாறு வயதில் பிள்ளைகள் தாங்களே மிளகாய்ச் சாறு கேட்டு ஊற்றிக்கொண்டார்கள். பெரியவர்கள் ரசித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டே தின்பதுதான் இதற்குப் பெரிய காரணம் என்று அவர் கருதினார். தினமும் அதே காரம் கலந்த மிச்சத்தையே தின்று வளர்ந்த அந்த ஊர் நாய்களுக்கும் பன்றிகளுக்கும் காரமான தீனியையும் காரமில்லாத தீனியையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அவை காரமில்லாததைத்தான் தேடிப் போயின.